லீத்தில் ஒரு கில்ட்: 14 மாதம் கட்டிப் பார்த்த பிறகு

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், பின்னால் கொசுவம் வைத்த முழங்கால் நீள உடை. அதை வாங்கி 14 மாதம் ஆகிறது. வாரத்தில் நான்கு நாளாவது இடுப்பில் இருக்கிறது. மழை, வெயில், பனி, டிராம், அலுவலகம், காய்கறிக் கடை எல்லாம் பார்த்துவிட்டது. இனிமேல் இதைப் பற்றி எழுதலாம்.

பொருள் இதுதான்: பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த பாலி விஸ்கோஸ் துணியில் தைத்த 5 கெஜம் கில்ட். டார்டன் என்றால் ஸ்காட்லாந்துக் கட்டத் துணி, இதன் டார்டனுக்குப் பெயர் பிளாக் வாட்ச். விலை 110 பவுண்டு. லீத் இருக்கும் எடின்பரோ நகரத்திலேயே ஒரு சின்னக் கடையில் அளவு கொடுத்துத் தைத்தது.

ஏன் வாங்கினேன் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. எனக்குப் பல வருடமாகத் தொடையிடுக்கில் தோல் உராய்ந்து புண்ணாகும். களிம்பு போட்டால் ஆறும், பேண்ட் போட்டு இரண்டு நாள் நடந்தால் திரும்ப வரும். காற்றோட்டமாக ஏதாவது போடுங்கள் என்றார் டாக்டர். வீட்டில் லுங்கிதான் கட்டுகிறேன், அதில் பிரச்சினையே இல்லை. ஆனால் நான் வேலை பார்ப்பது ஒரு கணக்கு அலுவலகம், அரைக்கால் சட்டைக்கு அங்கே அனுமதி கிடையாது. லுங்கி கட்டி வரலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கில்ட் கட்டி வரலாமா என்று கேட்டேன். மேலாளர் அம்மா சிரித்துக்கொண்டே, "ஸ்காட்லாந்தில் இதற்கு நான் எப்படி வேண்டாம் என்று சொல்வேன்?" என்றார்.

முதலில் அளவு. தயவுசெய்து பேண்ட் அளவைச் சொல்லாதீர்கள். கில்ட் நிற்பது இடுப்பெலும்பில் அல்ல, தொப்புள் மட்டத்தில். நம் அப்பாக்கள் வேட்டி கட்டும் இடம். என் பேண்ட் 34, ஆனால் தொப்புளைச் சுற்றி டேப் பிடித்தால் 37. நீளத்தை அங்கிருந்து முழங்கால் சில்லு வரை எடுக்க வேண்டும். நான் ஐந்தடி ஐந்தங்குலம், எனக்கு 22 அங்குலம் வந்தது. ஆயத்த கில்ட்டுகள் பெரும்பாலும் 24 அங்குல நீளத்தில் வருகின்றன. நம் உயரத்துக்கு அது முழங்காலுக்குக் கீழே இறங்கி நிற்கும். பத்து பவுண்டு கூடப் போனாலும் அளவு கொடுத்துத் தைப்பதுதான் நல்லது.

அடுத்தது துணி. நான் குடியாத்தத்து நெசவாளி மகன், இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர் லுங்கியும் கட்டம், இதுவும் கட்டம். ஆனால் லுங்கியில் குறுக்கே ஓடும் ஊடை நூல், நெடுக்கே ஓடும் ஒரு பாவு நூலுக்கு மேலே போனால் அடுத்ததற்குக் கீழே போகும். டார்டனில் இரண்டுக்கு மேலே, இரண்டுக்குக் கீழே. அடுத்த வரியில் ஒரு நூல் தள்ளி ஆரம்பிக்கும். அதனால்தான் துணியைக் கண்ணருகே வைத்தால் சாய்வுக் கோடுகள் தெரிகின்றன. பாவில் நிறங்கள் என்ன வரிசையில் போகின்றனவோ அதே வரிசைதான் ஊடையிலும். பச்சை நீலத்தைக் கடக்கும் இடத்தில் பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு நிறம் பிறக்கும். பிளாக் வாட்ச் என்பது கருநீலம், கரும்பச்சை, கறுப்பு. கடையில் நாற்பது ஐம்பது டார்டன் தொங்கியது. இதைத் தொட்டதும் நைனாவின் தறியில் பாதி ஓடி நிற்கும் லுங்கி ஞாபகம் வந்துவிட்டது. வேறு எதையும் பார்க்கவில்லை. குலத்துக்கு ஒரு டார்டன் என்பார்கள். இது ஒரு பட்டாளத்தின் டார்டன், யாரும் கட்டலாம் என்று கடைக்காரர் சொன்னார்.

நல்ல கில்ட்டில் கொசுவத்தைக் கட்டம் பார்த்து மடித்திருப்பார்கள். அதாவது பின்னால் இத்தனை மடிப்பு விழுந்தும் டார்டனின் கட்டம் முறியாமல் தொடர்ந்து ஓடுவது போலத் தெரிய வேண்டும். என்னுடையதில் 19 கொசுவம். ஒரே ஒரு இடம் தவிர எல்லாம் சரியாக விழுந்திருக்கிறது. அந்த ஒரு இடத்தை நான் கண்டுபிடிக்கவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

கட்டுவது சுலபம். முன்பக்கம் கொசுவமில்லாத இரண்டு தட்டைப் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். உள்பகுதியின் தோல் வாரை இடுப்புப் பட்டையில் இருக்கும் துளை வழியாக வெளியே எடுத்து இடது பக்கம் பக்கிள் போட வேண்டும். வெளிப்பகுதிக்கு வலது பக்கம் இரண்டு பக்கிள். கீழ் மூலையில் குத்தும் ஊசியை மேல்துணியில் மட்டும் குத்துங்கள். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது இழுபட்டுத் துணி கிழியும்.

உட்காருவதுதான் பழக வேண்டிய விஷயம். லுங்கியில் கால் வரை துணி இருப்பதால் எப்படி உட்கார்ந்தாலும் மானம் போகாது. கில்ட்டில் உட்காருவதற்கு முன் இரண்டு கையாலும் கொசுவத்தைத் தொடைக்கடியில் தடவி ஒதுக்கிவிட்டு உட்கார வேண்டும். என் மனைவி புடவையில் உட்காருவதை 12 வருடமாகப் பார்த்திருக்கிறேன், அந்தக் கை அசைவை அப்போதுதான் முதல்முறையாகக் கவனித்தேன். உட்கார்ந்த பிறகு முழங்காலைச் சேர்த்துக்கொண்டு, நடுவில் துணியைக் கொஞ்சம் தாழ விட வேண்டும். ஒரு வாரத்தில் உடம்பு கற்றுக்கொண்டது.

உள்ளே என்ன போடுகிறாய் என்று கேட்காதவர்கள் கிடையாது. தமிழ்க் கடை அண்ணன் முதல் அலுவலகத்துப் பையன் வரை கேட்டாயிற்று. அரை டவுசர் போடுகிறேன். லுங்கிக்குள் பட்டாபட்டி போட்டு வளர்ந்தவனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குச் சங்கடம் தரக்கூடாது, அவ்வளவுதான்.

பாக்கெட் கிடையாது. முன்னால் தொங்கும் ஸ்போரன் பையைத் தனியாக வாங்க வேண்டும். போன், சாவி, பயண அட்டை மூன்றும் அடங்கும். சங்கிலி வைத்ததை வாங்காதீர்கள், நடக்க நடக்கப் பின்பக்கம் துணியைத் தேய்த்துவிடும். தோல் வார் வைத்தது நல்லது.

காற்று. எடின்பரோவில் இருப்பவர்களுக்கு இது தெரியும். கம்பளியில் 8 கெஜம் போட்டுத் தைத்த கில்ட்டைச் சாதாரணக் காற்று அசைக்காது. என்னுடையது ஒரு கிலோவுக்கும் குறைவு. நார்த் பிரிட்ஜ் பாலத்தில் இரண்டு முறை கையால் பிடித்துக்கொண்டுதான் கடந்தேன். இதை ஒரு குறையாகவே சொல்கிறேன். குளிர் பற்றிப் பயப்பட வேண்டாம். முழங்கால் வரை கெட்டிக் காலுறை இருக்கிறது, தொடைக்குத் துணி இருக்கிறது, இடையில் நான்கு விரல் அகலம் மட்டும் சில்லிடும்.

துவைக்க பாலி விஸ்கோஸ் வசதி. கொசுவத்தின் அடிவிளிம்பு நெடுக ஓட்டுத் தையல் போட்டுவிட்டு, 30 டிகிரியில் மெதுவான சுற்றில் போடுவேன். காய்ந்ததும் தையலைப் பிரித்தால் மடிப்பு அப்படியே இருக்கும். கம்பளியாக இருந்தால் உலர் சலவைதான்.

மற்றொரு குறை, வலது பக்க மேல் வாரின் தையல். ஐந்தாவது மாதத்தில் டிராமில் நின்றுகொண்டிருந்தபோது பிரிந்தது. மற்ற இரண்டு பக்கிள் இருந்ததால் தப்பித்தேன். கடையில் கேட்டதற்கு மூன்று வாரம் ஆகும் என்றார்கள். நானே மெழுகு நூல் வாங்கி இரட்டைத் தையல் போட்டேன், இன்றுவரை அசையவில்லை. 110 பவுண்டு வாங்கும் பொருளில் வாரை இப்படித் தைத்திருக்கக் கூடாது. மற்றபடி தோல் புண் வரவே இல்லை. இதற்காகவே 5க்கு 4 கொடுப்பேன்.

சரி, வெளியில் எப்படி இருக்கிறது? இதைத்தான் ஊரில் நண்பர்கள் கேட்கிறார்கள்.

முதல் செவ்வாய்க்கிழமை டிராமில் ஏறியதும் ஒரு பெரியவர் அன்பாகக் கேட்டார், "யாருக்குக் கல்யாணம்?" அடுத்த வாரம் வேறொருவர் அதையே கேட்டார். பிறகுதான் புரிந்தது. இங்கே கில்ட் கட்டுவது அதிசயமில்லை, சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை கட்டுவதுதான் அதிசயம். கல்யாணம், பட்டமளிப்பு, ரக்பி ஆட்டம், புத்தாண்டு இரவு என்றால் தெருவெல்லாம் கில்ட். அலுவலகத்துக்கு எல்லோரும் பேண்ட்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1745ல் ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் லண்டன் அரசுக்கு எதிராகக் கிளம்பிய கலகத்துக்குப் பிறகு, 1746ல் லண்டன் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டு மலைநாட்டு உடையை ஆண்களுக்குத் தடை செய்தது. முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் சிறை, இரண்டாம் முறை 7 வருடம் கடல் கடந்து நாடு கடத்தல். பட்டாளத்துக்கு மட்டும் விலக்கு. நான் கட்டியிருக்கும் இந்த பிளாக் வாட்ச், அப்படி விலக்குப் பெற்ற பட்டாளத்தின் துணி. 1782ல் தடையை நீக்கினார்கள். அதற்குள் ஒரு தலைமுறைக்கு மேல் ஓடிவிட்டது. 1822ல் எடின்பரோ வந்த நான்காம் ஜார்ஜ் மன்னரே ஒரு வரவேற்பில் கில்ட் போட்டுக்கொண்டார். ஆடு மேய்த்தவர்களும் வயலில் நின்றவர்களும் தினமும் சுற்றிக்கொண்ட துணி, அதன் பிறகு விசேஷ உடுப்பாக மரியாதை பெற்றது.

நம் ஊரில் தலைகீழ். லுங்கி எல்லா நாளும் உண்டு, விசேஷத்துக்கு மட்டும் கூடாது. டீக்கடைக்குப் போகலாம், தறியில் உட்காரலாம், மீன் பிடிக்கலாம். கல்யாண வீட்டுக்குள் நுழையக் கூடாது. எங்கள் நைனா 40 வருடம் லுங்கி நெய்தவர். வேலூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் லுங்கியோடு குளிர்சாதன அறையில் உட்காரக் கூடாது என்று அவரை எழுப்பி வெளியறைக்கு அனுப்பினார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. அன்று அவர் கட்டியிருந்தது அவரே நெய்தது.

2014ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில், வேட்டி கட்டி வந்ததற்காக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே உள்ளே விடவில்லை. அதே வருடம் சட்டசபையில் சட்டம் வந்தது, வேட்டி கட்டியவரைத் தடுத்தால் தண்டனை உண்டு என்று. நல்ல சட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அது வந்தது வேட்டிக்காக. லுங்கிக்காக அப்படி யாரும் எழுந்து பேசி நான் கேட்டதில்லை. பழவேற்காட்டுத் துறையிலிருந்து போன கட்டத் துணிக்கு மலேசியாவில் இன்றும் ஊர்ப் பெயரை வைத்து 'பெலிகாட்' என்றுதான் சொல்கிறார்கள், பள்ளிவாசலுக்கே கட்டிப் போகிறார்கள். நம்மிடம்தான் அது பின்கட்டுத் துணியாகிவிட்டது.

இன்னொன்றும் பார்த்தேன், அதையும் சொல்ல வேண்டும். போன ஜூனில் அதே டிராமில் ஒரு பையன் ஏறினான். இருபது வயது இருக்கும். கறுப்பு நிறத்தில் சாதாரணப் பாவாடை, பெண்கள் பிரிவில் விற்பதுதான், நீளம் ஏறக்குறைய என் கில்ட் அளவு. வெயில் நாள், அவன் பாட்டுக்குப் புத்தகம் படித்துக்கொண்டு வந்தான். எதிரில் இருந்த இருவர் அவனைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் இடுப்பிலும் இருந்தது துணிதான். என்னுடையதற்குக் கட்டமும் பட்டாளப் பெயரும் இருந்தன, அவனுடையதற்கு எதுவும் இல்லை. நான் எழுந்து போய் அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். அவன் என் கொசுவத்தைப் பார்த்து, நல்ல மடிப்பு என்றான். அவன் இறங்கும் வரை துவைப்பது பற்றிப் பேசிக்கொண்டு போனோம்.

இந்த மே மாதம், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது கில்ட்டையும் எடுத்துப் போனேன். அம்மா பார்த்ததும், "என்னாடா இது, பாவாடையா கட்டிக்கினு இருக்க?" என்றார். நைனா ஒன்றும் சொல்லவில்லை. கழற்றிக் கொடுக்கச் சொல்லித் திண்ணையில் விரித்துப் போட்டார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு விரலால் ஒவ்வொரு கொசுவமாக எண்ணிக்கொண்டே போனவர், ஏழாவதில் நின்றார். "இங்க பார். கட்டம் அரை விரல் தள்ளிப் போச்சு." ஒரு வருடமாக நான் பார்க்காதது. ஊசியால் அந்த மடிப்பை மட்டும் பிரித்து, கோட்டோடு கோடு சேர்த்து, சாயங்காலத்துக்குள் தைத்துவிட்டார். நெசவு நல்ல நெசவு, தைத்தவன்தான் அவசரப்பட்டிருக்கிறான் என்பது அவர் தீர்ப்பு.

மறுநாள் வங்கிக்குப் போக வேண்டியிருந்தது. நைனா வழக்கம்போல் பெட்டியைத் திறந்து வெள்ளை வேட்டியை எடுத்தார். நான் அவர் நெய்த பச்சைக் கட்ட லுங்கியிலேயே வண்டியைக் கிளப்பினேன். மாற்றிக்கொண்டு வாடா என்றார். இதுவே போதும் நைனா என்றேன். பின்னால் ஏறி உட்கார்ந்தார். வங்கியில் காவலாளி ஒருமுறை கீழே பார்த்தார், டோக்கன் கொடுத்தார், 40 நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வந்ததும் அடுத்த கில்ட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். இந்த முறை கம்பளி, 8 கெஜம், வேறு தையற்காரர். அந்தப் பாலத்துக் காற்றுக்கு அதுதான் சரி. விலை ஐந்து மடங்கு, அதனால் ஒரு வருடம் சேர்த்தேன். மிச்சத் துணி விழுந்தால் ஒரு முழம் கேட்டு வாங்கி வா, பாவு எண்ணிப் பார்க்கிறேன் என்று நைனா ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்கிறார்.