புள்ளி வந்த பிறகு .40-க்கு என்ன வேலை?

பிஸ்டலில் குறிபார்க்க இரும்புக் குறியா (மேலே இருக்கும் உலோகக் குறிகள்), ரெட் டாட்டா (கண்ணாடியில் ஒளிரும் சிவப்புப் புள்ளி) என்ற வழக்கு முடிந்து நாளாகிவிட்டது. 1990-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த ஐபிஎஸ்சி (ஓடிச் சுடும் போட்டிகளின் உலக அமைப்பு) உலகப் போட்டியில் அமெரிக்கர் டக் கோனிக், பிஸ்டலின் மேல் ரெட் டாட் பொருத்திக்கொண்டு வந்து வென்றபோதே தீர்ப்பு வந்துவிட்டது என்பேன். ஒலிம்பிக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு இது விந்தையாக இருக்கும். அங்கே பிஸ்டலில் இன்றும் திறந்த இரும்புக் குறிக்கு மட்டுமே அனுமதி. ஓடிக்கொண்டே சுடும் போட்டிகளில் இப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு: புள்ளி வந்த பிறகு எந்தத் துப்பாக்கி?

அதற்கு முன் புள்ளியின் குணத்தைப் பார்த்துவிடலாம். இரும்புக் குறியில் பின்குறி, முன்குறி, இலக்கு என மூன்றையும் ஒரு கோட்டில் நிறுத்த வேண்டும். கண்ணோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகக் காட்டும். முன்குறியைப் பார், இலக்கு மங்கினால் மங்கட்டும் என்பதே பழைய பாடம். வெள்ளெழுத்து வந்தவருக்கு அந்த முன்குறியே மங்கிவிடும். ரெட் டாட்டில் சிறு விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டு, தொலைவிலிருந்து வருவதுபோல் கண்ணை அடைகிறது. இலக்கைப் பார்த்தால் போதும், புள்ளி அதன்மேல் வந்து உட்காரும்.

உட்கார்ந்தால் சரி. உறையிலிருந்து எடுத்து நீட்டும்போது மணிக்கட்டு சற்றுத் திரும்பியிருந்தால் கண்ணாடி வெறுமையாக நிற்கும். எந்தப் பக்கம் பிசகியது என்று இரும்புக் குறி காட்டிக்கொடுக்கும்; புள்ளி காட்டாது. இன்னொன்று, கை நடுக்கத்தை இரும்பு ஓரளவு மறைக்கும், புள்ளி பறைசாற்றும். புதியவர் அது அசையாமல் நிற்கட்டும் என்று காத்திருந்து, நின்ற கணத்தில் விசையை வெடுக்கென இழுத்துக் குறியைக் கெடுத்துக்கொள்வார். தோட்டா இல்லாமல் வீட்டில் சில வாரம் பழகினால் இரண்டும் சரியாகிவிடும். மழைத்துளி விளக்கை மறைப்பதும், பேட்டரி தீர்வதும் சில்லறைத் தொல்லைகள்.

இனி துப்பாக்கிகள். ஓடிச் சுடும் போட்டிகளை அமெரிக்காவில் நடத்தும் யுஎஸ்பிஎஸ்ஏ அமைப்பின், இரும்புக் குறிக்கான லிமிடெட் பிரிவில் .40 காலிபர் (0.40 அங்குல விட்டமுள்ள தோட்டா) நெடுங்காலம் ஆண்டதற்குக் காரணம் மதிப்பெண். குண்டின் எடையை (கிரெய்னில்) வேகத்தால் (நொடிக்கு அடியில்) பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வரும் எண் 165-ஐத் தொட்டால் 'மேஜர்', 125 'மைனர்'. இலக்கின் நடுப்பகுதிக்கு இருவருக்கும் 5 மதிப்பெண்தான். அதை விட்டு விலகிப்போன குண்டுக்கு, அடுத்த பகுதியில் பட்டால் மேஜருக்கு 4, மைனருக்கு 3; அதற்கும் வெளியே பட்டால் 2, 1. ஆக, பிழைக்குக் கிடைக்கும் சலுகைக்காகவே அத்தனை பேரும் சுடும்போது கையில் விழும் அந்த உதையைத் தாங்கினார்கள்.

2010-களின் நடுவில், ரெட் டாட்டுக்கென்று வந்த கேரி ஆப்டிக்ஸ் பிரிவில் எல்லாருக்கும் மைனர் கணக்கு. .40-ஐக் கொண்டுவந்தால் உதை மட்டும் மிச்சம். தோட்டாக்களை அடுக்கும் மேகசினிலும் எண்ணிக்கை குறையும். அதனால் சற்றுச் சிறிய 9 மி.மீ. தோட்டா உள்ளே வந்தது. துப்பாக்கியின் எடை வரம்பு முதலில் 35 அவுன்ஸ். கிளாக் போன்ற பிளாஸ்டிக் உடல்களுக்கே தோதானது. வரம்பு 45-க்கும் பின்னர் 59-க்கும் உயர்ந்ததும் செக் நாட்டின் எஃகுத் துப்பாக்கியான சிஇசட் ஷேடோ 2-க்குக் கதவு திறந்தது. கனம் உதையை விழுங்குவதால் புள்ளி சட்டென்று திரும்பி வருகிறது. அதன் குறை, முதல் குண்டுக்கு மட்டும் விசையின் நீண்ட, கனத்த இழுப்பு. கிளாக்கிலோ வால்தர் பிடிபியிலோ எல்லா இழுப்பும் ஒன்றுபோலவே இருக்கும்.

2023-ல் வந்த லிமிடெட் ஆப்டிக்ஸ், சிங்கிள் ஆக்ஷன் விசையையும் (சுத்தியல் முன்பே இழுபட்டிருக்கும்; முதல் இழுப்பும் லேசானது) புள்ளியையும் சேர்த்து அனுமதித்தது. ஸ்டக்காட்டோ போன்ற '2011' வகைத் துப்பாக்கிகளுக்கு (பழைய 1911 பிஸ்டலை அகலமான மேகசினுக்கு ஏற்ப மாற்றியவை) ஏற்ற இடம். கண்ணாடி முறிவதுபோல் சுருக்கமான விசை; விலையோ கிளாக்கைவிடப் பல மடங்கு. ஓப்பன் பிரிவில் வாயுவை மேலே பீய்ச்சி முனையைத் தாழ்த்தும் காம்பென்சேட்டர் உண்டு. அது தனி உலகம், செலவும் அப்படியே.

புதியவருக்கு நான் சொல்வது கிளாக் அல்லது பிடிபி, மேலே அகலமான கண்ணாடி, மீதிப் பணத்துக்குத் தோட்டா. எனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஷேடோ 2. அந்த முதல் இழுப்பைக் கற்றுக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. மேகசினில் இடமும் குறைவு, உதையும் அதிகம் என்ற நிலையில் புதிதாக .40 வாங்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர்களில் சிலர் 9 மி.மீ. சுடுகுழல் போட்டு, ஸ்லைடின் (சுடும்போது பின்னே நகரும் மேற்பகுதி) மேற்புறத்தைக் கடைந்து கண்ணாடி பொருத்திக்கொள்கிறார்கள்.