ஆப் நல்லதுதான், ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்

சிடி பிளேயர் ரிப்பேர் முடிந்து வீட்டுக்கு வந்த அதே வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "எல்லாப் பாட்டும் மியூசிக் ஆப்பிலேயே கிடைக்குதே, நாங்க பொங்கோல்ல சின்ன வீட்டுக்கு மாறுறோம், சிடி எல்லாத்தையும் தள்ளிவிட்டுடலாமா?" போனில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆப்பில் எத்தனை கோடிப் பாட்டு, மாதம் எத்தனை வெள்ளி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். பல வருஷமாகக் காசு கட்டிக் கேட்பவன் நான். சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் ஹெட்போனில் கேட்கும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. வீட்டில் ஹால் ஸ்பீக்கருக்கு அனுப்பிக் கேட்கும்போதுதான் எரிச்சல் ஆரம்பம். ஒரு டிராக் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன விக்கல். அரை வினாடிகூட இருக்காது. ஆனால் ஒருமுறை காதில் பட்டுவிட்டால் அப்புறம் அதைத் தவிர வேறெதுவும் கேட்காது.

சினிமாப் பாட்டாக மாற்றி மாற்றிக் கேட்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' போட்டுப் பாருங்கள். 1973-ல் வந்தது. இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடியும் அந்த ஆல்பத்தில் பாட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று வழிந்து வரும். உண்மையான இடைவெளி என்று ஒன்று இருக்கிறதென்றால் எல்பி இசைத்தட்டைத் திருப்பிப் போடுகிற இடம் மட்டும்தான். அதை என் ஸ்பீக்கர் எட்டு ஒன்பது துண்டாக்கித் தருகிறது.

காரணம் எளிது. எம்பி3 மாதிரியான சுருக்கும் முறைகள் ஒலியைக் குட்டிக் குட்டித் துண்டுகளாக வெட்டித்தான் சேமிக்கும். எம்பி3-ல் ஒரு துண்டுக்கு 1152 மாதிரிகள் (ஒலியை அளந்து வைத்த எண்கள்), ஏறக்குறைய 26 மில்லி வினாடி. முன்னால் எப்போதும் கொஞ்சம், பாட்டின் நீளம் அந்தக் கணக்கில் சரியாக முடியாதபோது பின்னாலும் கொஞ்சம் என்று வெறும் மௌனத்தைப் போட்டு நிரப்பிவிடும். ஒழுங்கான பிளேயர் அந்த மௌனத்தை நறுக்கிவிட்டு ஒட்டும். என் போன் அதைச் செய்கிறது. ஸ்பீக்கர் செய்வதில்லை, போதாக்குறைக்கு அடுத்த பாட்டைத் தனியாகப் போய் எடுத்து வருகிறது. சர்வீஸுக்கு எழுதினேன், ரீசெட் பண்ணுங்கள் என்று பதில் வந்தது. பண்ணினேன். விக்கல் அப்படியே இருக்கிறது.

ராக் ஆல்பத்தில்கூட இதைப் பொறுத்துக்கொள்ளலாம். கர்நாடகக் கச்சேரிப் பதிவில் முடியவே முடியாது. ஆலாபனை ஒரு டிராக், கிருதி ஒரு டிராக், தனி ஆவர்த்தனம் ஒரு டிராக் என்று பிரித்துவைத்திருப்பார்கள். பிரிக்கட்டும். ஆனால் தம்புரா பிரியலாமா? பாடகர் மூச்சு வாங்கினாலும், வயலின் நின்றாலும், சபையில் யாராவது இருமினாலும் தம்புரா நிற்காது. கச்சேரி முழுக்க நம்மைத் தாங்கிப்பிடிப்பதே அதுதான். தோடி ராக ஆலாபனை முடிந்து பல்லவி எடுக்கப்போகும் அந்த நொடியில், உள்ளே எல்லாம் அமைதியாகி அந்த முதல் சொல்லுக்காகக் காத்திருக்கும்போது, சுருதி பட்டென்று அறுந்து மறுபடி ஒட்டினால் எப்படி இருக்கும்? நல்ல தூக்கத்தில் யாரோ தோளைத் தட்டியது மாதிரி இருக்கும். மறுபடி உள்ளே போக எனக்கு நேரம் பிடிக்கிறது. வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு நேரமானால் சத்தமாகக் கேட்கவும் முடியாது, எனக்குக் கிடைக்கும் நேரமே கொஞ்சம்.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பம் இன்னொரு கதை. 1986-ல் வந்த இதைத் தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாகுக்கும் சமர்ப்பித்திருக்கிறார். வி. எஸ். நரசிம்மனின் வயலின் ஒன்றுக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்பேன். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒரு டிராக், அதற்கடுத்தது 'அண்ட் வி ஹேட் எ டாக்'. இரண்டும் சேர்ந்தால்தான் வாக்கியமே முடிகிறது. பாகை வீட்டில் பார்த்தார், அப்புறம் பேசினார்கள். ஆப் அதைக் கலைத்துப்போட்டு, பார்ப்பதற்கு முன்பே பேசவைக்கிறது! ஷஃபிளை நிறுத்திவைத்தாலும் சில அப்டேட்டுக்குப் பிறகு தானாக ஏறிக்கொள்கிறது. கோபம் வராமல் என்ன செய்யும்?

ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' விஷயத்தில் ஆப் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1959-ல் பதிவு செய்தபோது முதல் நாள் டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது இசைத்தட்டில் முதல் மூன்று பாட்டும் கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் ஏறிய சுருதியில் வந்தன. 1992-ல்தான் திருத்தினார்கள். சுருதிப்பெட்டி வைத்துக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. பழைய சிடி வைத்திருப்பவரிடம் தப்பான சுருதி இருக்கலாம், ஆப்பில் திருத்தியது கிடைக்கும். அதே மாதிரி பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் 'கோல்ன் கான்சர்ட்'டை எனக்குக் காட்டியதே ஆப்தான். 1975-ல், கேட்ட பியானோ வராமல், இருந்த மோசமான பியானோவில் ஒரு மனிதர் மேடையிலேயே உருவாக்கிய இசை அது. இதற்கு மட்டும் ஆப்புக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

சிடிக்கும் குறை உண்டு. பீட்டில்ஸின் 'அபே ரோட்' எல்பியில் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு, குழுவின் ஜான் லெனன் டேப்பை வெட்டச் சொன்னதால், நடுவிலேயே வெட்டுப்பட்டு நிற்கும். எல்பியில் எழுந்து போய்த் திருப்பும்வரை அந்த அதிர்ச்சி ஹாலில் தங்கும். சிடியில் அடுத்த பாட்டு உடனே வந்துவிடுகிறது. அப்புறம் நம் ஊர் ஈரத்தில் சிடியோடு வரும் புத்தகங்கள் பூஞ்சை பிடிக்கின்றன. கேமராவுக்கு வாங்கிய, ஈரம் அண்டாத டிரை பாக்ஸில் பாதி இடம் அதற்கே போய்விட்டது.

இவ்வளவையும் தராசில் போட்டு நிறுத்தால் ஆப்தான் ஜெயிக்கும், எனக்கே தெரிகிறது. இருந்தும் நண்பருக்கு என் பதில்: சினிமாப் பாட்டு சிடிக்களைத் தாராளமாகப் பழைய சாமான் வாங்கும் காராங்கூனிக்காரரிடம் கொடுங்கள். கச்சேரி சிடி ஒன்றைக்கூடக் கொடுக்காதீர்கள், இடமில்லை என்றால் என் வீட்டில் வையுங்கள். ஹாலில் உட்கார்ந்து கேட்பதற்கு ஆப் வேண்டாம் என்றே சொல்வேன். ரிப்பேர் கடைக்காரர் இந்த மாடலுக்கு லேசர் இனிமேல் கிடைக்காது என்றார். கிடைக்காவிட்டால் ஆடியோ கடைகள் இருக்கும் அடெல்ஃபி கட்டடத்தில் போய் வேறொரு பழைய பிளேயர் தேடி வாங்குவேன், இந்த ஸ்பீக்கருக்கு இனி தோடி கிடையாது.