பாறையா, மணலா? மிச்சிகனின் இரண்டு ஏரிக்கரைகள்

அமெரிக்காவில் 1966-க்கும் 1970-க்கும் இடையே நான்கு இடங்களைத் 'தேசிய ஏரிக்கரை' என்று அறிவித்துப் பொதுப் பூங்காவாக்கினார்கள். அதில் இண்டியானா டூன்ஸ் 2019-இல் தேசியப் பூங்காவாகப் பதவி உயர்வு வாங்கிக்கொண்டது. விஸ்கான்சினின் அப்போஸ்தல் தீவுகள் தனிக் கதை. மிச்சமுள்ள இரண்டும் மிச்சிகன் மாநிலத்தில்: சுப்பீரியர் ஏரியோரம் பிக்சர்டு ராக்ஸ், மிச்சிகன் ஏரியோரம் ஸ்லீப்பிங் பேர் டூன்ஸ். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எதற்குப் போவது?

பிக்சர்டு ராக்ஸின் அழகெல்லாம் ஏரியைப் பார்த்த முகத்தில் இருக்கிறது. 200 அடி வரை எழும் மணற்பாறைச் சுவர். விரிசல்களில் கசியும் நிலத்தடி நீர் இரும்பு, செம்பு, மாங்கனீசைக் கரைத்துக்கொண்டு வழிவதால், சிவப்பும் பச்சையும் கறுப்புமாகக் கோடு கோடாய்க் கறை படிந்திருக்கிறது. மேலே பாதையில் நடப்பவருக்கு இது துண்டு துண்டாகத்தான் தெரியும். முனிசிங் என்ற ஊரில் படகு ஏறினால்தான் முழுப் படம். அந்தப் படகோ காற்று பலமாக அடித்தால் ரத்தாகிவிடும். சுப்பீரியர் கோடையிலும் ஜில்லென்றுதான் இருக்கும். கயாக் என்கிற குட்டித் துடுப்புப் படகை நம்பி இறங்கிவிடாதீர்கள்.

ஸ்லீப்பிங் பேருக்குப் படகு வேண்டாம், முட்டி பலம் வேண்டும். பனியாறு விட்டுப்போன மேட்டின் தலையில் காற்று மணலை ஏற்றி வைத்திருக்கிறது. ஏரிக்கு 450 அடி மேலே ஒரு பார்வை மேடை. அங்கிருந்து சரிவில் ஓடி இறங்கச் சில நிமிடம் போதும். ஏறும்போதுதான் வினை: ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கும், சிலருக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும். கீழே மாட்டிக்கொண்டால் வேறு வழி கிடையாது என்று பலகையே வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு 'டூன் கிளைம்ப்' மணல்மேடே சரி.

நிர்வாகமும் வேறு மாதிரி. பிக்சர்டு ராக்ஸில் கரையோரம் பூங்காத் துறையிடம்; அதற்குப் பின்னால் ஒரு காப்பு வளையம், அதில் தனியார் நிலம் உண்டு, மரம் வெட்டுவதும் உண்டு. ஸ்லீப்பிங் பேரில் கோடை வீட்டுக்காரர்களிடமிருந்தே நிலத்தை வாங்கினார்கள். அந்த மனத்தாங்கல் வெகுகாலம் ஓயவில்லை. ஆனாலும் அங்குள்ள போர்ட் ஒனைடா என்ற பகுதியின் பழைய பண்ணை வீடுகளுக்கு நடுவே இன்று யாரும் நடக்கலாம் என்றால், அது அந்த நிலம் கைமாறியதால்தான்.

ஒரே நாள் என்றால் நான் ஸ்லீப்பிங் பேர் என்பேன், காற்று பலமாக அடித்தாலும் பயணம் வீணாகாது. மூன்று நாள் கையில் இருந்தால் யோசிக்காமல் பிக்சர்டு ராக்ஸ். முதல் நாள் படகு ரத்தானாலும் அப்புறம் இரண்டு நாள் இருக்கிறதே.