வாய்மொழி ஒப்பந்தமா, எழுத்து ஒப்பந்தமா?

"பேசி முடிச்சாச்சு, அப்புறம் எழுத வேற வேணுமா?" வணிகவியல் மாணவர்கள் அடிக்கடி கேட்பது இது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பொதுவாக இரண்டுமே செல்லும். முன்மொழிவு, ஏற்பு, மறுபயன் (பதிலுக்குக் கிடைக்கும் பணமோ பொருளோ போன்றது), சுதந்திரமான சம்மதம், சட்டத்துக்கு உட்பட்ட நோக்கம், ஒப்பந்தம் செய்யும் தகுதி இருந்தால் சரி.

செலவு
வாய்மொழி: இல்லை.
எழுத்து: முத்திரைத்தாள், சில சமயம் வக்கீல் கட்டணம்.

நிரூபணம்
வாய்மொழி: சாட்சி, வாட்ஸ்அப் செய்தி, வங்கிக் கணக்கு என்று துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். விலையும் அளவும் தெளிவாகப் பேசப்படவில்லை என்றால் ஒப்பந்தமே செல்லாமல் போகலாம்.
எழுத்து: கையெழுத்தே பெரிய பலம். ஆனால் "வாயால் வேறு மாதிரி பேசினோம்" என்று பிறகு சொன்னால் பொதுவாக எடுபடாது. படிக்காமல் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

பணம் வரும் நாள்
இங்கேதான் ஆச்சரியம். குறு, சிறு நிறுவனம் சரக்கு கொடுத்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி வாங்கியவர் பணம் தர வேண்டிய கெடு,
எழுத்தில் நாள் குறிக்காவிட்டால்: 15 நாள்.
குறித்தால்: அதிகபட்சம் 45 நாள்.
விற்பவருக்கு எழுதாததே லாபமாகும் அபூர்வ இடம் இது.

கைமேல் காசு கொடுத்து வாங்கும் சரக்குக்கு வாய்ப்பேச்சு போதும். கடன், தவணை, கூட்டுத்தொழில் என்றால் எழுதுங்கள். பங்காளி சொந்த மாமாவாக இருந்தாலும் எழுதுங்கள். காலாவதியான கடனை (வழக்குப் போடும் கெடு தாண்டிய கடனை) திருப்பித் தருவதாகச் சொல்லும் வாக்குறுதி எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால் மட்டுமே செல்லும்.