ஜீரோ பிரீமியம் அட்வான்டேஜா, மாதாமாதம் கட்டும் மெடிகேப்பா?

அமெரிக்காவில் 65 வயதைத் தொடுகிறவர் வீட்டுத் தபால்பெட்டி சில மாதங்கள் முன்பிருந்தே நிரம்பத் தொடங்கிவிடும். பல் வைத்தியம் இலவசம், மூக்குக்கண்ணாடி இலவசம், ஜிம் இலவசம், மாதப் பிரீமியம் பூஜ்யம். அத்தனையும், 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரை அரசுக்குப் பதிலாகத் தனியார் கம்பெனிகள் நடத்தும் 'மெடிகேர் அட்வான்டேஜ்' திட்டங்களின் விளம்பரம். மெடிகேரில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இன்று இந்தப் பக்கம்தான்.

மறுபக்கத்தில் இருப்பது 1965-ல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட அரசு மெடிகேர். அது கட்டாமல் விடும் ஓட்டைகளை அடைக்கத் தனியார் விற்கும் ஒரு மெடிகேப் பாலிசி, மருந்துக்குத் தனியாக ஒரு பார்ட் டி திட்டம் என்று மூன்று அட்டைகள் பர்ஸில் சேரும். இதற்கு டிவியில் ஆட்டம் பாட்டம் குறைவு. ஏஜென்ட்டும் அவ்வளவு ஆர்வமாகப் பேசமாட்டார். 2025-ல் பெரும்பாலான மாநிலங்களில் புதிதாக ஒருவரை அட்வான்டேஜில் சேர்த்தால் ஏஜென்ட்டுக்கு 626 டாலர் வரை கமிஷன் கிடைத்தது. மெடிகேப்பில் பொதுவாக அதைவிடக் குறைவு.

இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் உடம்பு நன்றாக இருக்கும் வருஷத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் அட்வான்டேஜ் எப்போதும் ஜெயிக்கும். பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: மோசமான வருஷத்தில் கையிலிருந்து எவ்வளவு போகும், பிடிக்காவிட்டால் வெளியே வர முடியுமா.

பணம்

'ஜீரோ பிரீமியம்' என்பதால் ஒன்றுமே கட்ட வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. டாக்டர் செலவுக்கான பகுதியான பார்ட் பி-யின் கட்டணம், 2026-ல் மாதம் 202.90 டாலர், இரண்டு பக்கத்திலும் உண்டு. சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு அந்தப் பணத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். அதற்கு மேல் கம்பெனி எதுவும் கேட்காது என்பதுதான் அந்த ஜீரோ.

மெடிகேப் இல்லாத வெறும் அரசு மெடிகேர் ஆபத்தானது. 2026 கணக்குப்படி ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முதல் 1,736 டாலர் நோயாளியே கட்ட வேண்டும், இதுதான் டிடக்டிபிள். வீடு திரும்பி 60 நாள் கழித்து மறுபடி சேர்ந்தால் அதே தொகை மறுபடியும். டாக்டர், ஸ்கேன், கீமோ போன்ற பார்ட் பி செலவில் வருஷத்தின் முதல் 283 டாலர் நோயாளியுடையது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் அவர் தலையில். இதற்கு உச்சவரம்பே கிடையாது. நரம்பில் ஏற்றும் புற்றுநோய் மருந்துக்கு மெடிகேர் ஏற்றுக்கொண்ட விலை வருஷத்துக்கு 60,000 டாலர் என்றால், சுமார் 12,000 கைக்காசு.

மெடிகேப் வகைகளில் ஒன்றான 'பிளான் ஜி' (G) இருந்தால் அதே 60,000 டாலர் பில்லுக்குக் கொடுப்பது அந்த 283 மட்டும்தான். ஆஸ்பத்திரி டிடக்டிபிளையும் அதுவே கட்டிவிடும். 'பிளான் என்' (N) என்ற வகை கொஞ்சம் மலிவு: டாக்டரைப் பார்க்கும்போது 20 டாலர் வரை, எமர்ஜென்சிக்கு 50 டாலர் வரை கொடுக்க வேண்டியிருக்கும், மெடிகேர் விலைக்கு மேல் 15 சதவீதம் வரை கூடுதலாகக் கேட்கும் டாக்டரிடம் போனால் அந்தக் கூடுதலும் நம்முடையது. ஜி பிரீமியம் ஊரையும் கம்பெனியையும் பொறுத்தது. 65 வயதில் மாதம் 150 டாலர் என்று வைத்துக்கொண்டால் வருஷம் 1,800. 283-ஐச் சேர்த்தால் 2,083. எவ்வளவு மோசமான வருஷத்திலும் ஆஸ்பத்திரி, டாக்டர் செலவு ஏறக்குறைய இந்தக் கோட்டிலேயே நிற்கும். ஆனால் பிரீமியம் அப்படியே நிற்காது. பல மாநிலங்களில் வயது ஏற ஏற அதுவும் ஏறும், மருத்துவ விலைவாசியும் அதன் மேல் ஏறும். 80 வயதில் வரும் பிரீமியம் கடிதத்தைப் பார்த்துத் திகைப்பவர்கள் நிறைய. பாலிசி வாங்கும்போதே வயதுக்கேற்ப விலை ஏறும் வகையா, எல்லா வயதுக்கும் ஒரே விலையா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அட்வான்டேஜில் சட்டப்படி ஒரு உச்சவரம்பு உண்டு. 2026-ல் கம்பெனி பட்டியலில் உள்ள டாக்டர்கள், ஆஸ்பத்திரிகள் (நெட்வொர்க்) என்றால் 9,250 டாலர். பட்டியலுக்கு வெளியேயும் போக விடும் பிபிஓ திட்டத்தில் அந்த வெளி டாக்டர்களையும் சேர்த்தால் 13,900. பல திட்டங்கள் இதைவிடக் குறைவாகவே வைத்திருக்கின்றன. ஆனால் அந்த வரம்பை எட்டும் வேகம்தான் பலருக்கு அதிர்ச்சி. ஆஸ்பத்திரியில் முதல் ஐந்தாறு நாளுக்குத் தினமும் 300, 400 டாலர் கோ-பே, அதாவது நோயாளியின் பங்கு, சாதாரணம். கீமோவுக்கு இங்கேயும் பெரும்பாலும் 20 சதவீதம் வரை. ஜனவரி 1 அன்று கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும் என்பதால், நவம்பரில் புற்றுநோய் தெரிந்தால் நாலைந்து மாதத்துக்குள் இரண்டு வருஷத்து வரம்பையும் கட்டி முடிக்க நேரும். கடைகளில் வாங்கும் மருந்துச் செலவு இந்த வரம்பில் சேராது. அதற்குத் தனியாக 2,100 டாலர் வரம்பு, அது இரண்டு பக்கத்துக்கும் பொது.

இலவசப் பல் வைத்தியம்? அரசு மெடிகேரில் அது அனேகமாக இல்லவே இல்லை, அதனால் இருப்பது லாபம்தான். வருஷ உச்சவரம்பை மட்டும் பாருங்கள். 1,000, 2,000 டாலர் என்று வைத்திருக்கும் திட்டங்கள் ஏராளம். ஒரு ரூட் கெனாலும் அதன் மேல் ஒரு கிரௌனும் அதை விழுங்கிவிடும்.

முன் அனுமதி

தனியார் திட்டங்கள் மீதான புகார்களில் பல இங்கேதான் பிறக்கின்றன. அரசு மெடிகேரில் டாக்டர் எம்ஆர்ஐ எழுதினால் போய் எடுத்துக்கொள்ளலாம். அட்வான்டேஜில் பெரும்பாலும் கம்பெனி சரி என்று சொன்ன பிறகுதான். கே.எஃப்.எஃப் ஆய்வமைப்பு தொகுத்த கணக்குப்படி 2023-ல் ஏறக்குறைய 5 கோடி முன் அனுமதி விண்ணப்பங்களை இந்தக் கம்பெனிகள் முடிவு செய்தன. மறுக்கப்பட்டவை 32 லட்சம். அவற்றில் மேல்முறையீடு போனது 11.7 சதவீதம்தான். போனவற்றில் 81.7 சதவீதத்தில் மறுப்பு முழுதாகவோ பகுதியாகவோ ரத்தானது. கேட்டவர்களில் ஐந்தில் நாலு பேருக்குக் கிடைக்கிறது, ஆனால் பத்தில் ஒருவர்தான் கேட்கிறார். கம்பெனிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும்? அரசு மருத்துவத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகமும் 2022-ல் ஒரு மாதிரியை எடுத்துச் சோதித்தது. மறுக்கப்பட்ட விண்ணப்பங்களில் 13 சதவீதம் மெடிகேர் விதிப்படி கொடுத்திருக்க வேண்டியவை.

ஆகவே மறுப்புக் கடிதம் வந்தால் அதை முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் கடிதத்தில் எந்தக் காரணம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'ஆவணம் போதவில்லை' என்றால் பெரும்பாலும் டாக்டர் ஆபீஸிலிருந்து பழைய எக்ஸ்ரே குறிப்போ பிசியோதெரபி குறிப்போ போகவில்லை என்று பொருள். அதை ஃபேக்ஸ் செய்தாலே தீர்ந்துவிடலாம். 'மருத்துவத் தேவை இல்லை' என்றால் டாக்டரைக் கம்பெனி டாக்டரோடு போனில் பேசச் சொல்லுங்கள். 'பியர் டு பியர்' என்று கேட்டால் ஆபீஸில் புரியும். அதுவும் பலிக்காவிட்டால் கடிதத் தேதியிலிருந்து 65 நாளுக்குள் எழுத்தில் மேல்முறையீடு. தாமதம் உடம்புக்கு ஆபத்து என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் கம்பெனி 72 மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மறுபடி மறுத்தால் ஃபைல் தானாகவே வெளியே உள்ள சுயேச்சை அமைப்புக்குப் போகும். அதற்குத் தனி மனு எழுத வேண்டாம்.

விதிகளும் கொஞ்சம் இறுகியிருக்கின்றன. 2024 முதல், அரசு மெடிகேர் கொடுப்பதைத் தன் சொந்த அளவுகோலைக் காட்டித் தனியார் மறுக்கக் கூடாது. 2026 முதல் அவசரமில்லாத விண்ணப்பத்துக்கும் 7 நாளுக்குள் பதில் வர வேண்டும். அதே 2026-ல் எதிர்த்திசையிலும் ஒரு காற்று: நியூ ஜெர்ஸி, ஒஹாயோ, ஓக்லஹோமா, டெக்சஸ், அரிசோனா, வாஷிங்டன் ஆகிய ஆறு மாநிலங்களில் அரசு மெடிகேரும் குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு முன் அனுமதியைச் சோதனையாகக் கொண்டுவந்திருக்கிறது. 'அரசுப் பக்கம் தொல்லையே இல்லை' என்று இனி அடித்துச் சொல்ல முடியாது.

இடுப்பெலும்பு முறிந்த பிறகு

இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரிவது ஆபரேஷன் முடிந்து ரீஹாப் மையத்துக்குப் போகும்போதுதான். அரசு மெடிகேரில் முதல் 20 நாள் இலவசம். 21 முதல் 100 வரை தினம் 217 டாலர் (2026), அதைப் பிளான் ஜி கட்டிவிடும். ஒரு கொக்கி உண்டு: அதற்கு முன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். படுக்கையில் நாலு நாள் படுத்திருந்தாலும் 'அப்சர்வேஷன்' (வெறும் கண்காணிப்பு) என்று பதிந்திருந்தால் ஒரு நாள்கூடக் கணக்கில் வராது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே அதை விசாரிக்க வேண்டும். அட்வான்டேஜ் திட்டங்கள் பெரும்பாலும் இந்த மூன்று நாள் விதியைக் கேட்பதில்லை. அது அவர்களிடம் உள்ள உண்மையான நன்மை.

ஆனால் அனுமதி கொடுத்துவிட்டுப் பாதியில் நிறுத்துவதும் அங்கேதான். யுனைடெட்ஹெல்த்கேர், ஹ்யூமானா, சிவிஎஸ் ஆகிய மூன்று அட்வான்டேஜ் கம்பெனிகளைப் பற்றி 2024 அக்டோபரில் செனட் துணைக்குழு ஒன்று வெளியிட்ட அறிக்கைப்படி, ஆஸ்பத்திரிக்குப் பிந்தைய சிகிச்சைக்கு யுனைடெட்ஹெல்த்கேரின் மறுப்பு விகிதம் 2020-ல் 10.9 சதவீதம், 2022-ல் 22.7 சதவீதம்.

நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு ஒரு நோட்டீஸ் தருவார்கள். அதில் கையெழுத்துப் போடுவது பெற்றுக்கொண்டதற்கு மட்டும்தான், சம்மதத்துக்கு இல்லை. நோட்டீஸிலேயே க்யூஐஓ என்ற சுயேச்சை அமைப்பின் போன் நம்பர் இருக்கும். கவரேஜ் முடியும் நாளுக்கு முந்தைய நாள் மதியம் 12 மணிக்குள் கூப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை நோட்டீஸ் வந்து ஞாயிறோடு முடிகிறது என்றால் சனிக்கிழமை மதியமே கெடு. சனி, ஞாயிறிலும் கூப்பிடலாம். அதோடு 'ஏன் நிறுத்துகிறீர்கள்' என்ற விரிவான விளக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். பிசியோதெரபிஸ்ட்டின் அன்றாடக் குறிப்பில் 'தனியாக எழுந்து நிற்க முடியவில்லை', 'படி ஏறப் பயிற்சி தேவை' போன்ற வரிகள் இருந்தால் வழக்கு பலமாகும். ஜெயித்த பிறகும் சில நாளில் அடுத்த நோட்டீஸ் வரலாம். வந்தால் அதே நடைமுறைதான், முதலிலிருந்து.

நெட்வொர்க்

அரசு மெடிகேரை நாட்டின் பெரும்பாலான டாக்டர்களும் ஆஸ்பத்திரிகளும் ஏற்கிறார்கள். அட்வான்டேஜில் கம்பெனி பட்டியலில் இருப்பவர் மட்டும், அந்தப் பட்டியலும் பல சமயம் பழசு. சான் டியகோவில் ஸ்கிரிப்ஸ் மருத்துவக் குழுக்கள் 2024-க்கு அட்வான்டேஜ் ஒப்பந்தங்களை விட்டு வெளியேறியபோது ஆயிரக்கணக்கான முதியோர் புது டாக்டரைத் தேட வேண்டியதாயிற்று. வெப்சைட்டை நம்பாமல் டாக்டர் ஆபீஸின் பில்லிங் பிரிவுக்கே போன் செய்து, திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 'நீங்கள் ஹ்யூமானா எடுப்பீர்களா' என்று கேட்டால் வரும் 'ஆமாம்' உதவாது. ஒரே கம்பெனிக்குப் பல நெட்வொர்க்குகள்.

வெளியே வரும் கதவு

அட்வான்டேஜுக்குள் ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை நுழையலாம். வெளியேறி அரசு மெடிகேருக்குத் திரும்புவதும் அதே நாட்களில் முடியும். ஜனவரி முதல் மார்ச் வரையும் முடியும். சிக்கல் மெடிகேப்பில். 65 வயதாகி பார்ட் பி தொடங்கிய மாதத்திலிருந்து ஆறு மாதம் மட்டுமே எந்தக் கம்பெனியும் உடல்நிலை கேட்காமல் மெடிகேப் தர வேண்டும். அதற்குப் பிறகு சர்க்கரை, இதய ஸ்டென்ட், புற்றுநோய் என்று கேள்வித்தாள் வரும். மறுக்கலாம், விலையைக் கூட்டலாம். உடம்பு கெட்ட பிறகுதான் அட்வான்டேஜ் கசக்கத் தொடங்குகிறது. அப்போது கதவு அனேகமாகப் பூட்டியிருக்கும். நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெயின் ஆகிய நாலு மாநிலங்களில் மட்டும் உடல்நிலை பாராமல் பிற்பாடும் வாங்க வழி உண்டு.

 

மற்ற மாநிலத்தாருக்கும் இரண்டு சின்னக் கதவுகள் உண்டு. 65-ல் நேராக அட்வான்டேஜில் சேர்ந்தவர் முதல் 12 மாதத்துக்குள் திரும்பினால் மெடிகேப் மறுக்கக் கூடாது. கம்பெனியே உங்கள் கவுண்டியில் (மாவட்டத்தில்) திட்டத்தை நிறுத்தினாலும், கவரேஜ் முடிந்து 63 நாள் வரை அதே உரிமை உண்டு. 'உங்கள் திட்டம் அடுத்த வருஷம் இல்லை' என்ற கடிதத்தைப் பார்த்ததும் பலர் பதறிப் போய் அடுத்த அட்வான்டேஜில் சேர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள், மெடிகேப் கம்பெனி கேட்கும் சான்று அதுதான்.

பிள்ளைகளிடம் வந்து தங்கும் பெற்றோர்

தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி வேறு வடிவில் வரும். கிரீன் கார்டில் வந்த பெற்றோர் 65 வயதாகித் தொடர்ந்து ஐந்து வருஷம் இங்கே வசித்தால் மெடிகேரை விலைக்கு வாங்கலாம். தாமோ கணவனோ மனைவியோ இங்கே போதிய காலம் வேலை செய்யவில்லை என்றால் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ-க்கு 2026-ல் மாதம் 565 டாலர். பார்ட் பி சேர்த்து 767.90. அட்வான்டேஜில் சேர இரண்டும் வேண்டும், ஆகவே ஜீரோ பிரீமியம் பேச்சுக்கே இடமில்லை. எழுபது வயதில்தான் பார்ட் பி தொடங்குகிறது என்றால் மெடிகேப்பின் ஆறு மாதமும் அப்போதுதான் தொடங்கும். அதைத் தவறவிடக் கூடாது.

குளிருக்குக் கோயம்புத்தூர் போய் ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் அட்வான்டேஜ் திட்டம் பொதுவாகப் பெயரை நீக்கிவிடும். மெடிகேப் அப்படி நீக்காது, பிரீமியம் கட்டிக்கொண்டிருந்தால் போதும். இந்தியாவில் அரசு மெடிகேர் ஒரு பைசா தராது. பிளான் ஜி, என் இரண்டும் பயணத்தின் முதல் 60 நாளில் வரும் அவசரச் சிகிச்சைக்கு 250 டாலர் போக 80 சதவீதம் தரும், ஆயுளுக்கு 50,000 டாலர் வரை. மூட்டு மாற்று ஆபரேஷனைச் சென்னையில் வைத்துக்கொள்ளலாம் என்ற திட்டத்துக்கு இரண்டுமே உதவாது.

யாருக்கு எது

மாதம் 150, 200 டாலரைப் பத்து இருபது வருஷத்துக்குத் தாங்க முடியும் என்றால் முதல் ஆறு மாதத்திலேயே 'பிளான் ஜி' அல்லது 'பிளான் என்' எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தாங்க முடியாதவர் வெறும் அரசு மெடிகேரோடு நிற்பதைவிட, உச்சவரம்பு உள்ள அட்வான்டேஜ் மேல். வருமானம் மிகக் குறைவு என்றால் இரண்டுக்கும் முன்னால், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டும் மெடிகேர் சேவிங்ஸ் புரோகிராமும் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைத்தால் பார்ட் பி கட்டணத்தையே மாநிலம் கட்டும்.

கமிஷன் வாங்காத ஆலோசனை வேண்டுமானால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச மையம் இருக்கிறது; கலிஃபோர்னியாவில் அதன் பெயர் ஹைகேப். போகும்போது மருந்துப் பட்டியலை மில்லிகிராம் அளவோடும், பார்க்கும் டாக்டர்களின் பெயர்களையும், பார்ட் பி தொடங்கும் தேதியையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நவம்பர் கடைசியில் அங்கே நேரம் கிடைப்பது கஷ்டம், செப்டம்பரிலேயே பதிந்துவிடுங்கள்.