டிஎஃப்என் வாங்கித் தர யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வரும் மாணவர்களும் வேலை விசாக்காரர்களும் வந்த வாரத்திலேயே ஏமாறும் இடம் இது. டிஎஃப்என் (TFN) என்பது ஆஸ்திரேலிய வரித்துறை தரும் 9 இலக்க வரி எண். விண்ணப்பிக்க ஒரு சென்ட் கூடக் கட்டணம் கிடையாது.

தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் விளம்பரம்தான். உள்ளே போனால் அரசுத் தளம் மாதிரியே இருக்கும். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, முகவரி என்று அதே கேள்விகள். கடைசிப் பக்கத்தில் கார்டு எண் கேட்பார்கள். 'நாங்கள் அரசு நிறுவனம் அல்ல' என்ற வரி அடியில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் கிடக்கும். அதைக் காட்டியே பணத்தைத் திருப்பித் தர மறுப்பார்கள். வாங்கிய காசுக்கு அவர்கள் செய்வது, நீங்கள் கொடுத்த விவரத்தை வரித்துறையின் இலவசப் படிவத்தில் தட்டிவிடுவது. சிலர் அதையும் செய்வதில்லை.

போன காசைவிடப் பெரிய தலைவலி போன விவரம். பாஸ்போர்ட் விவரமும் டிஎஃப்என்னும் ஒரே ஆளிடம் சிக்கினால், உங்கள் பெயரில் மைகவ் (myGov) என்ற அரசு இணையச் சேவைக் கணக்கு திறந்து, வரித்துறைப் பதிவோடு இணைத்து, பொய்க் கணக்கு தாக்கல் செய்து, ரீஃபண்டைத் தன் வங்கிக்குத் திருப்பிவிடலாம். அது உங்கள் வேலை இல்லை என்று நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும்.

'விமானம் ஏறுமுன்பே எடுத்துத் தருகிறோம்' என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்களுக்கான ஆன்லைன் விண்ணப்பத்தை ஆஸ்திரேலியாவுக்குள் வந்த பிறகுதான் போட முடியும். இணையதள முகவரி வரித்துறையின் ato.gov.au என்று முடிகிறதா பாருங்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். குடிவரவுத் துறைப் பதிவோடு ஒப்பிடுவார்கள். அப்பா பெயர், இனிஷியல் குழப்பத்தில்தான் நம்மவர்களுக்கு இழுபடும். முடிவில் வரும் குறிப்பு எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.

எண் தபாலில் வரும், 28 நாள் வரை ஆகலாம். அதற்குள் மறுபடி விண்ணப்பிக்காதீர்கள். நாலு பேர் மாறி மாறித் தங்கும் வீட்டு முகவரியோ, ஏஜெண்ட் முகவரியோ வேண்டாம். கடிதம் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

'எண் இல்லாவிட்டால் சம்பளத்தில் 47% பிடிப்பார்கள்' என்று அவசரப்படுத்துவதுதான் இவர்களின் முக்கிய ஆயுதம். பாதிதான் உண்மை. விண்ணப்பித்துவிட்டதாக வேலையில் தரும் டிஎஃப்என் படிவத்தில் குறித்தால் 28 நாள் அவகாசம் உண்டு. அதையும் தாண்டிப் பிடித்தால்கூட, நிதியாண்டு முடியும் ஜூன் 30க்குப் பிறகு கணக்கு தாக்கல் செய்து அதிகப்படியைத் திரும்பப் பெறலாம்.

'எண் வரும்வரை ஏபிஎன்னில் (ABN) வேலை செய்' என்று சொல்லும் முதலாளி இன்னொரு வகை. ஏபிஎன் 11 இலக்கத் தொழில் எண், அதுவும் இலவசம். ஆனால் அவர் சொன்ன நேரத்துக்கு, அவர் சொன்னபடி வேலை செய்கிறவரை ஒப்பந்தக்காரர் என்று காட்டுவதே சட்டவிரோதம். சூப்பர் (முதலாளி கட்டும் ஓய்வுகாலச் சேமிப்பு), லீவு, குறைந்தபட்சச் சம்பளம் எல்லாவற்றிலும் கை வைக்கத்தான் அந்த யோசனை.

வீட்டுக்காரரோ, வேலைக்கு எடுக்குமுன்பே ரெஸ்யூமேயில் கேட்கிறவரோ, இவர்கள் யாருக்கும் டிஎஃப்என்னைக் கொடுக்காதீர்கள். போலித் தளத்தில் ஏற்கெனவே விவரமும் கார்டு எண்ணும் கொடுத்துவிட்டவர்கள் முதலில் வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை முடக்கச் சொல்லுங்கள். அடுத்து வரித்துறையின் அடையாளப் பாதுகாப்புப் பிரிவு: 1800 467 033. எண் வந்தவுடன் நீங்களே மைகவ் கணக்கு திறந்து வரித்துறையோடு இணைத்து, அதில் உள்ள வங்கிக் கணக்கு உங்களுடையதுதானா என்று பாருங்கள்.