ஹெப்பாளைத் தாண்டினால்: கெம்பேகௌடாவா, ஆதியோகியா?

பெங்களூரில் அல்சூரிலிருந்தோ கே.ஆர்.புரத்திலிருந்தோ ஞாயிற்றுக்கிழமை வண்டியெடுத்து, ஹெப்பாள் வழியாக வடக்கே போனால், ஒரே பாதையில் இரண்டு பெரிய உலோகச் சிலைகள். விமான நிலைய வளாகத்தில் பெங்களூரை நிறுவிய கெம்பேகௌடாவுக்கு 108 அடி வெண்கலச் சிலை. 2022 நவம்பரில் திறந்தது. அதைத் தாண்டி, சிக்கபள்ளாபுரம் பக்கம், 2023 ஜனவரியில் திறந்த 112 அடி எஃகு ஆதியோகி, ஈஷாவின் சிவன் சிலை. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் என் ஓட்டு ஆதியோகிக்கு. பக்தியை இதில் சேர்க்கவில்லை, சிலையாகப் பார்த்தே சொல்கிறேன்.

கெம்பேகௌடா பக்கத்தில் இருக்கிறார், விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா பஸ்ஸிலேயே போகலாம். சிற்பி ராம் சுதார் வடித்தது. 98 டன் வெண்கலம், 120 டன் எஃகு. வாள் மட்டும் 4 டன். வார்ப்பு வேலையை ரசிக்கிறவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும். காருக்கு முறையான பார்க்கிங்கைப் பிடியுங்கள், பிக்-அப் லேனில் ஓரங்கட்டி இறங்கும் யோசனை வேண்டாம்.

ஆனால் விஷயம் முகத்தில் இருக்கிறது. நிற்கும் மனித உருவத்தில் தலை மொத்த உயரத்தில் ஏழில் ஒரு பங்குதான். 108 அடி என்றால் சுமார் 33 மீட்டர்; அதே அளவு தள்ளி நின்றால் உச்சியைப் பார்க்க 45 பாகை அண்ணாந்தாக வேண்டும். காலும் இடுப்பும் பெருத்து, தலை சிறுத்து, தாடை மட்டும் தெரியும். அதைச் சரிசெய்ய உயரத்தின் இரண்டு மடங்கு, 65-70 மீட்டர் பின்னால் போகணும். போனால் முகத்தின் நுணுக்கம் கண்ணுக்கு எட்டாது. ஆதியோகி மார்பளவுச் சிலை. 112 அடியில் பெரும்பகுதி முகமும் கழுத்தும் தோளும்தான். அதே 70 மீட்டரிலிருந்து மூடிய இமையின் வளைவுகூடத் தெளிவாகத் தெரியும். திறந்த வெளி, பின்னால் மலை. பின்வாங்க இடத்துக்குப் பஞ்சமில்லை.

போன் கேமராவில் 1x வைத்து அருகில் நின்று மேலே சாய்த்தால் இரண்டு சிலையுமே பின்பக்கம் சாய்ந்தமாதிரி விழும். 70 மீட்டர் தள்ளி, 2x, போனைச் செங்குத்தாகப் பிடியுங்கள். ஆதியோகி கறுப்பு என்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டி வானத்தை வெளுத்துவிடும். முகத்தைத் தொட்டு ஒளியளவை ஒரு படி இறக்கணும். சூரியன் சிலைக்குப் பின்னால் இருக்கும் வேளையில் என்ன செய்தாலும் கரிய நிழல்தான். வெண்கலம் இந்த விஷயத்தில் கொஞ்சம் பொறுத்துப்போகும்.

ஆதியோகியில் சிக்கல் திரும்பும்போதுதான். மாலை ஒளிக்காட்சிக்காக எல்லாரும் காத்திருந்து, முடிந்ததும் ஒரே சமயத்தில் கிராமத்து ரோட்டில் இறங்குவார்கள். அதைக் கடந்தால் ஹெப்பாள் மேம்பாலம் காத்திருக்கும். ஒளிக்காட்சி கட்டாயம் வேண்டுமென்றால் வார நாளில் போங்கள், நேரத்தைக் கிளம்பும் அன்றே சரிபார்த்துக்கொண்டு. இல்லையேல் காலையில் போய் மதியத்துக்குள் திரும்புவது உத்தமம். வழியிலுள்ள சாதஹள்ளி டோலுக்கு ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா பாருங்கள். சிக்கபள்ளாபுரம் திராட்சை விளையும் பகுதி, பருவமாக இருந்தால் திரும்பும் வழியிலேயே வாங்கிக்கொள்ளலாம்.